கோயில் வாசலில் அரசுக்கு என்ன வேலை?

வெளிநாடுகளில் வாழும் உறவினர்கள் விடுமுறையில் ஊருக்கு வந்ததும் என்னிடம் கேட்கும் முதற்கேள்வி, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு இரண்டு நாள் எங்கே போய்வரலாம் என்பதுதான். பத்திரிகைத் தொழிலில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் குப்பை கொட்டியவனுக்கு நாட்டின் மூலை முடுக்கெல்லாம் தெரிந்திருக்கும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. நானும் சளைக்காமல் இடங்களைச் சொல்வேன். கதிர்காமம், சிவனொளிபாதமலை, திருகோணமலை, மடு, நயினாதீவு, கண்டி. இந்தப் பட்டியலைச் சற்று நின்று பார்த்தால் ஒன்று புலப்படும். எல்லாப் பாதைகளும் ஏதோவொரு மதத்தின் வாசலில்தான் போய் முடிகின்றன.

கடற்கரையும் காடும் நம்மிடம் இல்லாமலில்லை. ஆனால் யால சரணாலயத்தில் யானை பார்க்கப் புறப்படும் குடும்பம் கதிர்காமத்தில் மாணிக்க கங்கையில் முழுகாமல் வீடு திரும்புவதில்லை. நிலாவெளியில் கடல் குளிக்கப் போனவர்கள் கோணேசரைத் தரிசிக்காமல் வருவதில்லை. சுற்றுலா, யாத்திரை என்னும் இரண்டு சொற்களுக்கும் நம் நாட்டு வீடுகளில் ஏறக்குறைய ஒரே பொருள்தான். கொழும்பில் என் அயலவர்களாகிய சிங்களக் குடும்பங்களிலும் இதே கதைதான்.

மதச்சார்பற்ற அரசு வேண்டுமா, வேண்டாமா என்ற விவாதத்தை நாம் பெரும்பாலும் யாப்பு நூல்களையும் நீதிமன்றத் தீர்ப்புகளையும் வைத்துக்கொண்டே நடத்துகிறோம். அதே விவாதத்தை வார இறுதிப் பயணம் ஒன்றில் கண்ணால் பார்க்கலாம், காலால் நடந்தும் அறியலாம் என்பது என் அனுபவம். ஆகவே போகும் இடங்களையும் சொல்லி, போகும்போது நினைக்க வேண்டியதையும் சொல்வதாகவே இக்கட்டுரை அமைகின்றது.

முதலில் அந்த வார இறுதியையே எடுத்துக்கொள்வோம். இலங்கையில் அதற்கும் ஒரு மத வரலாறு உண்டு. 1966இல் டட்லி சேனாநாயக்கவின் அரசாங்கம் சனி, ஞாயிறு விடுமுறையை நீக்கி, சந்திரனின் நான்கு நிலைகளுக்குரிய போயா தினங்களையும் அவற்றுக்கு முந்திய நாட்களையும் விடுமுறையாக்கிற்று. குடியேற்ற ஆட்சி கொண்டுவந்த கிறிஸ்தவ ஞாயிற்றுக்கிழமைக்குப் பதிலாகப் பௌத்த நாட்டுக்குப் பௌத்த ஓய்வுநாள் என்பது அதன் நியாயம். அன்று நான் பிறந்திருக்கவில்லை. அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்த என் தந்தையார் சொல்லக் கேட்டதுதான். சந்திரனுக்கு ஏழு நாள் கணக்குத் தெரியாது. ஆதலால் இரு விடுமுறைகளுக்கிடையே ஒருமுறை ஏழு நாள் வரும், மறுமுறை எட்டு நாள் வரும். இந்த வாரம் செவ்வாயில் விழுந்த விடுமுறை அடுத்த வாரம் புதனுக்கு நகரும். உலகம் ஞாயிற்றுக்கிழமை உறங்கும்போது கொழும்புத் துறைமுகமும் வங்கிகளும் விழித்திருந்தன. உலகம் வேலை செய்யும்போது இவை மூடிக்கிடந்தன. கத்தோலிக்க ஊழியர்கள் ஞாயிறு பூசைக்கும் கந்தோருக்கும் இடையே ஓடித்திரிந்தார்கள். "பஞ்சாங்கம் பார்க்காமல் கந்தோருக்குப் போக முடியாத காலம்" என்பார் தந்தையார்.

1971இல் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசாங்கம் சனி, ஞாயிறை மீட்டுக் கொண்டுவந்தது. முழு நோன்மதிப் போயா மட்டும் பொது விடுமுறையாக நின்றது. இன்றும் நிற்கின்றது. அன்றைய தினத்தில் மதுக்கடையும் இறைச்சிக்கடையும் மூடப்பட்டிருக்கும். மாதம் ஒரு நாள் நாடே சற்று அமைதியடைவதில் எனக்கு எவ்வித முறைப்பாடும் இல்லை. தைப்பொங்கலும் சிவராத்திரியும் பெரிய வெள்ளியும் நத்தாரும் ஹஜ்ஜுப் பெருநாளும் அதே நாட்காட்டியில் விடுமுறை நாட்களாகச் சிவந்திருக்கின்றன. மதத்துக்கு நாட்காட்டியில் இடம் கொடுப்பது ஒன்று. ஒரு மதத்தின் நாட்காட்டியை எல்லோருடைய வாழ்க்கைக்கும் சட்டமாக்குவது மற்றொன்று. இந்த வேறுபாட்டை அந்த ஐந்து ஆண்டுகள் நமக்குச் செலவில்லாமல் கற்பித்தன.

செலவோடு கற்ற பாடங்களும் உண்டு. சுதந்திரம் பெற்றபோது நமக்கிருந்த சோல்பரி யாப்பில் மதச்சார்பற்ற அரசு என்ற சொற்றொடர் கிடையாது. ஆனால் அதன் 29(2)ஆம் பிரிவு, எந்தவொரு சமூகத்துக்கோ மதத்துக்கோ மற்றவர்களுக்கு இல்லாத சலுகையை வழங்கும் சட்டத்தையோ, மத அனுட்டானத்தைத் தடுக்கும் சட்டத்தையோ பாராளுமன்றம் இயற்றலாகாது என்றது. 1972ஆம் ஆண்டின் முதலாவது குடியரசு யாப்பில் அந்தப் பிரிவு காணாமற் போயிற்று. பௌத்தத்துக்கு முதன்மை இடம் வழங்குவதும் அதனைப் பாதுகாத்துப் பேணுவதும் அரசின் கடமை என்னும் புதிய வாசகம் வந்து சேர்ந்தது. அந்த யாப்பின் சிற்பி கொல்வின் ஆர். டி சில்வா, லங்கா சமசமாஜக் கட்சியின் தலைவர்களுள் ஒருவர், பழுத்த இடதுசாரி என்பது வரலாற்றின் குறும்பு. 1978ஆம் ஆண்டின் யாப்பு அதே ஏற்பாட்டை 9ஆம் உறுப்புரையாக்கியது. மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மை மட்டும் போதாது, சர்வஜன வாக்கெடுப்பும் இருந்தால்தான் அதை மாற்றலாம் என்று பூட்டும் போட்டது. ஆட்சிகள் பல மாறியும் அந்த உறுப்புரை இன்றும் அப்படியே இருக்கின்றது. ஏனைய மதத்தவர்களுக்கு 10ஆம், 14ஆம் உறுப்புரைகளில் மத சுதந்திரம் உறுதியளிக்கப்பட்டிருக்கின்றது என்பதையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும்.

"முதன்மை இடம் என்பது வெறும் மரியாதைதானே, அதனால் யாருக்கு என்ன நட்டம்?" என்று சிங்கள நண்பர்கள் கேட்பதுண்டு. 2003இல் மென்சிங்கன் திருச்சிலுவைக் கன்னியர் சபை தன்னைச் சட்டப்படி கூட்டிணைக்குமாறு கொண்டுவந்த சட்டமூலம் யாப்புக்கு முரணானது என்று நாட்டின் உயர் நீதிமன்றம் தீர்மானித்தபோது, காட்டப்பட்ட காரணங்களுள் 9ஆம் உறுப்புரையும் ஒன்று. 2005இல் ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழு இதனால் அக்கன்னியரின் உரிமை மீறப்பட்டதாகக் கண்டது. மரியாதைக்காக எழுதிய வரி ஒருநாள் கதவை மூடும் தாழ்ப்பாளாகவும் மாறக்கூடும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

இனிப் பயணத்துக்கு வருவோம்.

டிசெம்பர்ப் போயா தொடக்கம் மே மாத வெசாக் போயா வரையிலான பருவத்தில் வருபவர்களுக்கு நான் முதலில் சொல்லும் இடம் சிவனொளிபாதமலை. கொழும்பிலிருந்து ஹற்றன் வரை மலைநாட்டுப் புகையிரதம். அங்கிருந்து பஸ்ஸில் நல்லதண்ணி. இரவில் ஏறத் தொடங்கினால் விடியலுக்கு உச்சியில் நிற்கலாம். உயரம் 2,243 மீற்றர். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். பிள்ளைகளுக்குச் சுவெற்றரும் முழங்காலுக்குத் தைலமும் மறக்கவேண்டாம்.

உச்சியிலுள்ள பாதச்சுவடு பௌத்தர்களுக்குப் புத்தருடையது. சைவர்களுக்குச் சிவனுடையது. முஸ்லிம்களுக்குப் பாவா ஆதமுடையது. 1344இல் இபின் பதூதா ஏறியதும் இதே மலைதான். இருளில் ஏறும்போது எதிரே இறங்கி வருபவர்கள் "கருணாவாய்" என்று வாழ்த்துவார்கள். நம் பிள்ளைகளும் பத்துப் படி ஏறுவதற்குள் அதைக் கற்றுக்கொண்டு திருப்பிச் சொல்வார்கள். களைத்துப்போன பாட்டிக்குத் தோள் கொடுப்பவர் யாரென்று யாரும் விசாரிப்பதில்லை. உச்சியில் எத்தனையாவது முறை வந்தீர்களோ அத்தனை தரம் மணியடிக்கலாம். மணி எல்லோருக்கும் ஒன்றுதான்.

இங்கே அரசு என்ன செய்கிறது? மின்விளக்கு, பொலிஸ் காவல், முதலுதவி, மேலதிக பஸ்கள். இவை எந்த நம்பிக்கையோடு ஏறுபவருக்கும் பொதுவானவை. பாதம் யாருடையது என்று தீர்ப்பளிப்பதற்கு அந்தப் படிக்கட்டில் அரசுக்கு வேலையில்லை.

கதிர்காமமும் அப்படிப்பட்ட இடந்தான். முருகன் சந்நிதியில் விக்கிரகம் கிடையாது. திரைச்சீலைக்கு முன்னால்தான் வணக்கம். பூசை செய்வோர் சிங்களக் கப்புறாளைமார். கூப்பிடுதூரத்தில் தெய்வயானை அம்மன் கோயில், பள்ளிவாசல். சற்றே நடந்தால் கிரிவிகாரை. வடக்கிலிருந்து கிழக்குக் கரையோரமாகக் காட்டுவழியே நடந்துவரும் பாதயாத்திரிகர்களுக்கும், தெற்கிலிருந்து வானில் வந்திறங்கும் குடும்பங்களுக்கும் ஆறு ஒன்றுதான். இந்த ஏற்பாட்டை எந்த யாப்பும் எழுதித் தரவில்லை. உரசல்கள் இல்லையென்றும் சொல்லமாட்டேன். ஆயினும் சனங்கள் தாமாகவே அடுத்தவருக்கு இடம்விட்டு நிற்கப் பழகியிருக்கிறார்கள்.

மூன்றாவது பயணம் திருகோணமலைக்கு. ரொறொன்ரோவிலிருந்து வந்த தங்கையின் குடும்பத்தை அங்கு கூட்டிச் சென்றேன். நிலாவெளிக் கடல், புறாத்தீவு, கோட்டைக்குள் திரியும் மான்கள் என்று பிள்ளைகளுக்குப் பெரும் கொண்டாட்டம். போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டில் இடித்துத் தள்ளிய கோணேசர் ஆலயம், 1963இல் குடமுழுக்குக் கண்டு மீண்டெழுந்த கதையைச் சுவாமி மலையில் நின்று சொன்னேன். பத்து வயது மருமகன் கதையை விட்டுவிட்டு வேறொன்றைக் கேட்டான்.

"மாமா, கோயிலுக்குப் போறதுக்கு ஏன் ஆமியைத் தாண்டிப் போகவேணும்?"

கோட்டை போர்த்துக்கேயர் காலத்தது, அதன் பின்னர் வந்த எல்லா ஆட்சிகளுடைய படைகளும் அங்கேதான் தங்கின என்று சொல்லிச் சமாளித்தேன். சொன்னது உண்மைதான். ஆனால் அன்று பிற்பகல் கன்னியா வெந்நீரூற்றுக்குப் போனபோது அவனுடைய அடுத்த கேள்விக்கு அப்படிச் சமாளிக்க முடியவில்லை.

கன்னியாவில் ஏழு கிணறுகள். ஒவ்வொன்றிலும் வெவ்வேறு சூடு. வாளியால் அள்ளித் தலையில் வார்க்கும்போது பிள்ளைகள் போடும் கூச்சலைக் கேட்பதற்காகவே அங்கு போகலாம். இராவணன் தன் தாயின் ஈமக்கடனுக்காக உண்டாக்கிய ஊற்று என்பது நம்மவர்களின் ஐதிகம். அதனால்தான் தலைமுறை தலைமுறையாக அந்தியேட்டிக் கிரியைகள் அங்கே நடந்தன. என் தந்தையாரின் அந்தியேட்டியையும் 2003இல், துப்பாக்கிகள் ஓய்ந்திருந்த காலத்தில், அங்கேதான் செய்தேன். அந்த இடத்தில் எனக்கொரு உரித்து இருக்கிறதென்று நான் நினைப்பது உறுதிப்பத்திரத்தை வைத்தல்ல. ஈர வேட்டியோடு நின்ற அந்தக் காலை நேரத்தை வைத்து.

பின்னர் அவ்விடம் தொல்பொருள் திணைக்களத்தின் கையில் சென்றது. அங்கிருந்த பிள்ளையார் கோயிலின் அத்திவாரத்தின் மீது விகாரை எழப்போகிறதென்ற அச்சத்தில் 2019 ஜூலையில் தமிழ் மக்கள் அங்கு திரண்டபோது பொலிஸார் அவர்களைத் தடுத்தனர். அவ்வருடமே விவகாரம் நீதிமன்றம் சென்றது. மருமகன் பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "அப்ப இது ஆருடைய இடம்?"

முன்னொரு காலத்தில் இங்கே பௌத்தர்களும் இருந்திருக்கலாம் என்பதை மறுக்க நான் முனையமாட்டேன். அவர்களுள் தமிழ் பேசியவர்களும் இருந்திருக்கலாம். மணிமேகலை என்னும் பௌத்த காப்பியத்தைப் பெற்ற மொழி நம்முடையது. கந்தரோடையின் தூபிகளைக் கண்டு தமிழர் வெட்கப்படவோ அஞ்சவோ வேண்டியதில்லை. அகழ்வாராய்ச்சி நடக்கட்டும். ஆனால் கிழக்கு மாகாணத்தின் தொல்பொருள் மரபுரிமையைப் பேணவென்று 2020 ஜூனில் அமைக்கப்பட்ட ஜனாதிபதி செயலணிக்குத் தலைவர் பாதுகாப்புச் செயலாளர். தொடக்கத்தில் நியமிக்கப்பட்ட உறுப்பினர்களுள் தமிழர் ஒருவரும் இல்லை, முஸ்லிம் ஒருவரும் இல்லை. தமிழரும் முஸ்லிம்களும் பெரும்பான்மையாக வாழும் மாகாணம் அது. ஒரு தரப்பின் பக்தனாக வந்து நிற்பவர் அளவுகோலைப் பிடித்தால், நிலத்துக்கடியிலிருந்து எது வெளிப்பட்டாலும் மறுதரப்பு அதை நம்பப்போவதில்லை. மெய்யான பௌத்த எச்சத்துக்கும் அதனால் கேடுதான்.

அதே நகரின் மத்திய பஸ் நிலையத்துக்கருகில் 2005 மே மாதத்தில் ஓரிரவில் முளைத்த புத்தர் சிலை, ஹர்த்தாலுக்கும் முட்கம்பிக்கும் நடுவே படைக்காவலுடன் அமர்ந்திருந்ததை என் போன்ற செய்தியாளர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 2025 நவம்பரில் கடற்கரையோர விகாரை வளவில் வைக்கப்பட்ட சிலையைப் பொலிஸார் இரவில் அகற்றி, மறுநாளே திரும்பக் கொண்டுவந்து வைத்ததையும் பார்த்தோம். இருபது ஆண்டு இடைவெளியில் அரசு அதே சங்கடத்தில் நிற்கிறது. காவலாளியா, பக்தனா என்று அதற்கே தெரியவில்லை.

பௌத்தர்களின் மனக்குறையையும் நாம் விளங்கிக்கொள்ள வேண்டும். கோணேசரை இடித்தவர்கள் விகாரைகளையும் இடித்தார்கள். 1815இன் கண்டி உடன்படிக்கையில் பௌத்தத்தைக் காப்பதாகக் கையொப்பமிட்ட பிரித்தானியர், மிஷனரிமாரின் நெருக்குதலில் பின்னர் அப்பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டார்கள். நானூறு ஆண்டுகள் அந்நியரின் கீழ் அவமதிக்கப்பட்ட மதம் சுதந்திர அரசிடம் அரவணைப்பை எதிர்பார்த்தது இயல்பானதே. ஆனால் அந்த அரவணைப்பு மதத்துக்கும் நன்மை செய்ததா? 1956இல் பிக்குமாரின் பலத்தோடு ஆட்சிக்கு வந்த எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கவை 1959 செப்ரெம்பரில் சுட்டவர் காவியுடை தரித்தவர். சதியின் பின்னணியில் இருந்தவர் களனி விகாரையின் விகாராதிபதி. அதிகாரத்தின் சமையலறைக்குள் நுழைந்த மதம் கரிபடாமல் வெளியே வருவது கடினம்.

அப்படியானால் அரசு மதத்தின் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாதா? அதையும் நான் ஏற்கமாட்டேன். அதற்குக் காரணம் எங்கள் ஊர்க் கோயில்தான். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் நுழையத் தாழ்த்தப்பட்ட மக்கள் சத்தியாக்கிரகம் இருந்தபோது, முன்னாள் அமைச்சர் சி. சுந்தரலிங்கம் போன்ற படித்த பெருமக்களே வாசலில் நின்று மறித்தார்கள். அப்போது வெளியே நிறுத்தப்பட்டவர்களின் பக்கம் நின்றது, 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம். இயற்றியது இதே இலங்கைப் பாராளுமன்றம். மத விவகாரத்தில் அரசு தலையிடலாகாது என்று அன்று முழங்கியவர்கள் கதவை மூடிவைத்திருந்தவர்கள்தான். சிங்கள பௌத்த அரசைப் பற்றிப் பேசும் தமிழன் இந்த வாசலையும் மறக்கலாகாது.

இதற்கு நேர்மாறான காட்சியை 2020இல் கண்டோம். கொவிட் தொற்றில் இறந்தோரை எரித்தே ஆகவேண்டும் என்று அரசு கட்டளையிட்டது. அடக்கம் செய்வதில் ஆபத்தில்லை என்று உலக சுகாதார நிறுவனம் கூறியும் பயனில்லை. பிறந்து 20 நாளேயான முஸ்லிம் சிசுவும் எரிக்கப்பட்டது. 2021 பெப்ரவரியில்தான் அனுமதி கிடைத்து, அடுத்த மாதம் ஓட்டமாவடியில் நல்லடக்கங்கள் தொடங்கின. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. தகனம் செய்யப்பட்டவர்களுக்கு அது எட்டவா போகிறது?

இவ்விரு நிகழ்ச்சிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அரசின் இடம் எதுவென்று விளங்கும். மாவிட்டபுரத்தில் அரசின் சட்டம் வாசலில் நின்று, எல்லோரும் உள்ளே போகலாம் என்றது. கொவிட் காலத்தில் அரசு மரண வீட்டுக்குள் புகுந்து, எவ்வாறு வழியனுப்புவது என்பதையும் தானே தீர்மானித்தது. முன்னதற்குப் பெயர் நீதி. பின்னதற்கு எந்த நல்ல பெயரும் கிடையாது. வாசலைத் திறந்து வைப்பதும், வரிசையை ஒழுங்குபடுத்துவதும், பாதைக்கு வெளிச்சம் போடுவதும், அடுத்தவரை அடிப்பவரைப் பிடிப்பதும் அரசின் வேலை. மூலஸ்தானத்துக்குள் யார் இருக்கவேண்டும் என்பது அதன் வேலையல்ல. மதச்சார்பற்ற அரசு என்றால் மதத்தை வெறுக்கும் அரசு என்று அஞ்சுவோரிடம் நான் சொல்ல விரும்புவது இவ்வளவுதான்.

என் வீட்டிலும் இரண்டு மதங்கள். மனைவி மன்னார்க் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். நல்லூர் மகோற்சவமும் மடு மாதாவின் ஓகஸ்ட் 15 திருவிழாவும் அநேகமாக ஒரே காலத்தில்தான் வரும். ஒவ்வோர் ஆண்டும் லீவு யாருக்காக எடுப்பதென்று ஒரு சிறு வழக்கு எங்கள் வீட்டில் நடக்கும். தீர்ப்பு ஆண்டுக்காண்டு மாறும். மடுவில் காட்டு மரங்களின் கீழ் கூடாரமடித்துத் தங்கும் சிங்கள, தமிழ்க் குடும்பங்களின் நடுவே திருநீற்றுடன் நானும் இருந்திருக்கிறேன். யாரும் ஏனென்று கேட்டதில்லை. முதன்மை இடம் யாருக்கென்று எழுதிச் சுவரில் மாட்டியிருந்தால் இந்த வீட்டில் சமாதானம் ஒரு வாரம் தாங்கியிருக்குமா என்று அவரும் நானும் சிரித்துப் பேசியதுண்டு.

புதிய யாப்புப் பற்றிய பேச்சு இந்நாட்டில் தேர்தலுக்குத் தேர்தல் எழுவதும் அடங்குவதுமாக இருக்கின்றது. அடுத்த முறை அது எழும்போது, 9ஆம் உறுப்புரையைத் தொட்டால் பௌத்தம் அழிந்துவிடும் என்று ஒரு சாராரும், அதை நீக்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று இன்னொரு சாராரும் சொல்லப்போகிறார்கள். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் இந்தத் தீவில் நிலைத்த மதம் ஒரு வரியில் தொங்கிக்கொண்டிருக்கவில்லை. அந்த வரியை அழித்தாலும் கன்னியாவின் கிணற்றடிப் பலகை தானாக மாறப்போவதில்லை. மருமகனின் கேள்விக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. எல்லோருடையதும் என்று அரசும் சேர்ந்து சொல்லும் நாளிலே அந்தப் பதிலுக்கு ஒரு பெறுமதி உண்டாகும்.